சொர்ணவாரி அறுப்பும் செப்டம்பர் 1ஆம் தேதியும்

வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி வட்டாரங்களில் சித்திரை வைகாசியில் நட்ட சொர்ணவாரி நெல் ஆடிக் கடைசியிலிருந்து அறுப்புக்கு வரத் தொடங்கும். அரசின் நெல் கொள்முதல் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி பிறக்கிறது. 2022க்கு முன்னால் அக்டோபர் 1ஆகத்தான் இருந்தது. டெல்டாவில் குறுவை நெல் முன்கூட்டியே வந்ததால் தமிழ்நாட்டுக்கு ஒரு மாதம் முன்னே நகர்த்தினார்கள். அதனால் நம் பக்கமும் கொஞ்சம் பயன்பட்டது. ஆனால் ஆகஸ்டில் அறுக்கிறவருக்கு இன்னும் பழைய ஆண்டின் விலைதான்.

2025ஐயே எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 31 வரை சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். மறுநாள் காலையிலிருந்து 2,545. 18 குவிண்டால் போடுகிற ஒருவருக்கு இதில் 1,710 ரூபாய் வித்தியாசம். பத்து நாள் காத்திருந்து வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். களம் இல்லாதவர், கொட்டகை இல்லாதவர், நகையை அடகு வைத்து உரம் வாங்கியவர் எப்படிக் காத்திருப்பார்? ஆவணி மழை வேறு சாயங்காலத்தில் வந்து நிற்கும். இந்த 95 ரூபாய்கூடப் பரவாயில்லை. அறுப்பு நடக்கும் வாரத்தில் ஊருக்குப் பக்கத்தில் கொள்முதல் நிலையமே திறந்திருக்காது என்பதுதான் பெரிய இழப்பு. வட ஆற்காட்டு விவசாயிக்கு ஆதரவு விலை கிடைப்பதும் கிடைக்காததும் டெல்லியில் அறிவிக்கும் எண்ணைவிட, இங்கே தராசு எந்தத் தேதியில் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். 1965இல் வேளாண் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் சேர்ந்தே பிறந்தன. ஒன்று விலையைப் பரிந்துரைக்கும், மற்றது வாங்கும். இன்று 22 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். கரும்புக்குத் தனிக் கணக்கு. சாகுபடிச் செலவைக் கணக்கிடும்போது விதை, உரம், கூலி, டீசல், ஏர், குத்தகை என்று கையிலிருந்து போகும் பணம் ஒரு வகை. அதோடு குடும்பத்தார் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்ப்பது இரண்டாவது வகை. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் முதலீட்டின் வட்டியும் சேர்ந்தால் மூன்றாவது வகை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் கூட்டி விலை தரச் சொன்னது. 2018-19 பட்ஜெட் முதல் அதைச் செய்வதாக அரசு சொல்கிறது, இரண்டாவது வகைச் செலவை வைத்து. விவசாயச் சங்கங்கள் கேட்பது மூன்றாவது வகையை.

2025-26இல் பொது ரக நெல்லின் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று வைத்து, அதில் பாதியைக் கூட்டி 2,369 என்று அறிவித்தார்கள். சன்ன ரகம் 2,389. இதன் மேல் தமிழ்நாடு அரசு முறையே 131, 156 ரூபாய் ஊக்கத்தொகை சேர்க்க, கையில் வந்தது 2,500, 2,545. இந்த 1,579 நாடு முழுவதற்குமான சராசரி. வாய்க்கால் தண்ணீரில் விளையும் ஊரும், 600 அடி போர்வெல்லில் மோட்டார் எரித்து விளையும் ஊரும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நம் பக்கத்து ஏரிப்பாசன நிலத்தில் ஏரி நிரம்பாத ஆண்டில் செலவு என்ன ஆகும் என்பது அந்தச் சராசரிக்குள் தெரியாது.

விலையை அறிவிப்பதால் யாரும் அந்த விலைக்கு வாங்கக் கடமைப்பட்டவர் ஆகிவிடுவதில்லை. ஆதரவு விலைக்குச் சட்டம் கிடையாது. அது அரசின் நிர்வாக முடிவு, அவ்வளவுதான். 2015இல் சாந்த குமார் குழு, நாட்டு விவசாயிகளில் 6 சதவீதம் பேர்தான் கொள்முதல் முகமைகளுக்கு ஆதரவு விலையில் விற்கிறார்கள் என்று எழுதியது. நெல்லுக்கும் கோதுமைக்கும் வாங்கும் ஏற்பாடு இருப்பதால் அந்த இரண்டுக்கும் விலைக்கு ஓரளவு உயிர் இருக்கிறது. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் காகிதத்தில்தான்.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்தான் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் வழியாக இங்கே நெல் வாங்குகிறது. சில மாவட்டங்களில் வேறு முகமைகளும் வாங்குவதுண்டு. டெல்டாவில் இந்த நிலையங்கள் ஊரின் அங்கம்போல ஆகிவிட்டன. வடக்கே பருவத்துக்குப் பருவம் புதிதாகத் திறக்க வேண்டியிருக்கிறது. இடம் பார்க்க வேண்டும், கலெக்டர் உத்தரவு வர வேண்டும், பருவகால ஊழியர்களான பட்டியல் எழுத்தரும் காவலரும் வர வேண்டும், சாக்கும் சணலும் வந்து இறங்க வேண்டும். இதில் ஒன்று பிந்தினாலும் எல்லாம் பிந்தும். போன ஆண்டு அந்த ஊரில் எவ்வளவு வாங்கினோம் என்று பார்த்து இந்த ஆண்டு நிலையத்தை முடிவுசெய்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிச்சந்தையில் விலை ஏறிய ஆண்டில் எல்லாரும் வியாபாரியிடம் போட்டிருப்பார்கள், கொள்முதல் குறைவாகத் தெரியும். அந்தக் கணக்கை நம்பி நிலையத்தைக் குறைத்தால், விலை விழுகிற அடுத்த ஆண்டில் ஊர் மாட்டிக்கொள்ளும்.

இனி ஒரு ஏக்கர் கணக்கு. பெல்ட் மிஷினில் அறுத்த நெல் ஈரம் அதிகமாகவே வரும். ஏக்கருக்கு 25 மூட்டை, மூட்டை 75 கிலோ என்றால் 1,875 கிலோ. ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். 20இலிருந்து 17க்குக் காயும்போது எடை 3.6 சதவீதம் குறையும், அதாவது 1,807 கிலோதான் மிஞ்சும். நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகத்தான் எடுப்பார்கள்: 45 சிப்பம், 18 குவிண்டால், சன்ன ரகமாக இருந்தால் 2025-26 விலையில் 45,810 ரூபாய். களத்துமேட்டிலேயே ஈரத்தோடு மூட்டை 1,500 ரூபாய்க்கு ஒரு வியாபாரி கேட்டால் 37,500. வித்தியாசம் 8,310. இதிலிருந்து காயவைக்கும் கூலி, டிராக்டர் வாடகை, தார்ப்பாய், ராத்திரி காவல் எல்லாம் கழியும். ஐந்தாறு நாளில் நெல்லை இறக்கிவிட முடிந்தால் லாபம் தெளிவாக இருக்கும். மூன்று வாரம் வரிசையில் குவியலாகக் கிடந்து ஒரு மழை பெய்தால் அந்தப் பணம் முழுக்கக் கரைந்துபோகும். வியாபாரி இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார். அவர் சொல்லும் விலை நிலையம் திறந்த மறுநாளே மூட்டைக்குக் கொஞ்சம் ஏறுவது அதனால்தான். நிலையத்தில் ஒரு மணிகூடப் போடாதவருக்கும் அது திறந்திருப்பதால் பலன் உண்டு. கொள்முதல் புள்ளிவிவரத்தில் வராத பலன் இது.

ஈரப்பதத்தில்தான் அதிகம் பேர் திரும்பி வருகிறார்கள். வெயிலில் வேகமாகக் காய்ந்த நெல்லின் மேல்தோல் உலர்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். சாயங்காலம் மீட்டரில் 16.5 காட்டியது, ராத்திரி குவித்து மூடியபின் உள் ஈரம் மேலே வந்து காலையில் 18 காட்டும். மீட்டரில் கோளாறு என்று சண்டை நடக்கும். இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அரை மணிக்கு ஒரு தரம் காலால் கிளறிவிட்டு, சாயங்காலம் குவித்து மூடி, மறுநாள் வெயிலில் இன்னொரு முறை காயவைத்தால் இந்தச் சிக்கல் வராது. வெயிலில் சுடச்சுட இருக்கும் நெல்லை அப்படியே அளக்கக் கூடாது, நிழலில் ஆறவிட வேண்டும். மாதிரியைக் குவியலின் மேலிருந்து மட்டும் எடுக்கவிடாமல் நடுவிலும் அடியிலும் எடுக்கச் சொல்லுங்கள். பனி விழும் மாதங்களில் காலையில் மாதிரி கொடுப்பதைவிட மதியத்துக்கு மேல் கொடுப்பது நல்லது.

ஈரத்துக்கு அடுத்தது கருக்கா. முற்றாத, சுருங்கிய மணிகள் 3 சதவீதம் வரை. மண், கல் 1 சதவீதம், வைக்கோல் தூசு 1 சதவீதம். சேதமான, நிறம் மாறிய, முளைத்த, வண்டடித்த மணிகள் 5 சதவீதம் வரை. சாய்ந்த நெல்லில்தான் முளைப்பும் நிறமாற்றமும் வரும். சாய்ந்த பகுதியைத் தனியாக அறுத்துத் தனியாகக் குவித்தால் நல்ல நெல்லாவது பிழைக்கும். எல்லாவற்றையும் ஒரே ட்ரெய்லரில் கொட்டினால் மொத்தமும் நின்றுவிடும். பெருமழை ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து பார்த்து, ஈரப்பத வரம்பைத் தளர்த்துவது உண்டு. குழு வந்து மாதிரி எடுத்துப் போய் உத்தரவு வருவதற்குள் பாதி அறுப்பு முடிந்திருக்கும் என்பதால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

காகிதங்களில் சிட்டா, நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் இந்தப் பருவத்து அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், கைப்பேசி எண் போதும். அடங்கலில் இருக்கும் பரப்பை வைத்துத்தான் எத்தனை சிப்பம் வாங்கலாம் என்று கணக்காகும். அதனால் நட்டவுடனேயே கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர் பதிவாகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். போன பருவத்து மல்லாட்டையே (நிலக்கடலை) அடங்கலில் நின்றிருந்தால் நெல்லை யாரும் ஏற்க முடியாது. செத்துப்போன அப்பா பெயரில் பட்டா, ஐந்து பேர் கூட்டுப் பட்டா, வாய்மொழிக் குத்தகை: இந்த மூன்றும்தான் நம் மாவட்டங்களில் பெரும் தடை. குத்தகைதாரர் நிலைமை எல்லாவற்றிலும் மோசம். நிலக்காரர் அடங்கலை மாற்றித் தரமாட்டார், கடைசியில் நெல் அவர் பெயரில் போடப்பட்டுப் பணமும் அவர் கணக்குக்கே போகும். வெளியூர் நெல்லை வியாபாரிகள் விவசாயி பெயரில் கொண்டுவந்து தள்ளுவதைத் தடுக்கத்தான் இவ்வளவு கெடுபிடி என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அதில் நிஜமாக உழுதவரே வடிகட்டப்படுகிறார். குத்தகைப் பதிவுக்கு ஒரு எளிய வழி செய்யாமல் இந்த விலை யாருக்கு என்று கேட்பதில் பொருளில்லை.

வங்கிக் கணக்கிலும் கவனம் வேண்டும். இணைந்துவிட்ட வங்கியின் பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகும். முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) செய்யாத சிறுகணக்கில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு ஏக்கர் நெல்லே 45,810 என்றால் இரண்டு ஏக்கர்காரரின் பணம் நின்றுபோகும். அறுப்புக்கு முன்பே வங்கிக்குப் போய்ச் சரிசெய்யலாம்.

எடை. 40 கிலோ நெல், சணல் சாக்கு 580 கிராம், ஆக தராசில் 40.580 வந்தால் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு கிலோவும் விவசாயியுடையது. சிப்பத்துக்கு ஒரு கிலோ கூட எடுத்தால் 45 சிப்பத்தில் 1,145 ரூபாய் போகிறது. சுமைக்கூலி வாணிபக் கழகத்தின் பொறுப்பு. மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் கேட்டால் அது லஞ்சம். மழை மேகம் கூடி நிற்கும்போது யாரும் இதை எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும். ஊரில் நாலு பேர் ஒரே நாளில் சேர்ந்து நெல் போடுவது இதற்கு ஓரளவு மருந்து. ரசீதில் சிப்ப எண்ணிக்கை, ரகம், ஈரப்பதம் மூன்றையும் பார்த்தபிறகு கைரேகை வையுங்கள். சன்ன ரகத்தைப் பொது ரகமாக எழுதினால் 2025-26 விலையில் குவிண்டாலுக்கு 45 ரூபாய் போய்விடும். மணியின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.5க்குக் குறையாமல் வருவது சன்னம். குண்டு நெல் பொது ரகம்.

ஆரணி, களம்பூர் அரிசி ஆலைகள் இருப்பது இந்த வட்டாரத்துக்கு ஒரு தனிப் பலம். சாப்பாட்டு அரிசிக்கேற்ற சன்ன ரகத்தைப் பழையதாக வைத்து விற்கிற ஆலைகள் அவை. தட்டுப்பாட்டு ஆண்டில் அரசு விலையைத் தாண்டியும் கொடுப்பார்கள். அரசு நிலையத்தில் ரகத்தின் ருசிக்கு விலை இல்லை, நீள அகலத்துக்குத்தான் விலை. அதனால் ஏக்கருக்கு அதிகம் காய்க்கிற ரகத்தை அரசுக்கும் சாப்பாட்டு ரகத்தை ஆலைக்கும் என்று விவசாயிகள் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்தான். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டால் மட்டும் சிக்கல்.

மல்லாட்டைக்கு வருவோம். பழைய வட ஆற்காடு நெல்லுக்கு இணையாக மல்லாட்டைக்கும் பேர்போன மண். 2025-26இல் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263, அதாவது 80 கிலோ மூட்டைக்கு 5,810 ரூபாய். இந்த விலையை 2025 மே 28ஆம் தேதி மத்திய அமைச்சரவை உயர்த்தியது. மே 30ஆம் தேதி கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதி வரியை 20இலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். இரண்டே நாள் இடைவெளி. மளிகைக் கடையில் எண்ணெய் விலை குறைய அது உதவும், நகரத்துக் குடும்பத்துக்கு அதுவும் வேண்டியதுதான். ஆனால் மல்லாட்டையின் விலையை நிர்ணயிப்பது கடலை எண்ணெய்க்குப் போட்டியாக வந்து இறங்கும் பாமாயில் என்பதால், முதல் அறிவிப்பு கொடுத்ததில் ஒரு பகுதியை இரண்டாவது அறிவிப்பு எடுத்துக்கொண்டது. விதைப்புக்கு முன் வரியைக் குறைப்பதும், அறுவடைக்கு முன் வரியைக் குறைப்பதும் வேறு வேறு விளைவு தரும். ஆடிப்பட்டத்துக்கு விதைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த மே 30 தெளிவான செய்திதான்.

எண்ணெய் வித்துக்கு அரசு வாங்கும் ஏற்பாடும் இருக்கிறது. 2018இல் வந்த பிரதமரின் விவசாயி வருமானப் பாதுகாப்புத் திட்டத்தில் நாஃபெட் என்ற தேசியக் கூட்டுறவு அமைப்பு வழியாக வாங்கலாம். ஆனால் விலை ஆதரவு விலைக்குக் கீழே விழ வேண்டும், மாநில அரசு கேட்க வேண்டும், மத்திய அரசு ஒப்புக்கொள்ள வேண்டும், தரம் பார்க்க வேண்டும், அதிலும் ஈரப்பதம் 8 சதவீதம். புரட்டாசியில் ஈரத்தில் பிடுங்கிய காயை அந்த அளவுக்குக் காயவைக்க நல்ல வெயில் வேண்டும். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு சலசலக்கும் வரை காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு ஏறும், பிறகு எண்ணெய்க்கும் உதவாது.

வாங்காமலேயே, சந்தை விலைக்கும் ஆதரவு விலைக்கும் இடையிலான தொகையை மட்டும் விவசாயி கணக்கில் போட்டுவிடலாமே என்று ஒரு யோசனை உண்டு. மத்தியப் பிரதேசம் 2017இல் அதைச் செய்து பார்த்தது. மீதியை அரசு தருகிறதே என்று வியாபாரிகள் விலையை இறக்கினார்கள். திட்டத்தில் பதிவு செய்யாத விவசாயியும் அந்தத் தாழ்ந்த விலைக்கே விற்க வேண்டியதாயிற்று. நம் கமிட்டிகளில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில், மறைமுக ஏலம் நடக்கிறது, சீட்டில் எழுதிப் போடுவார்கள். சீட்டுப் போடுகிறவர் மூன்று பேர் என்றால் இங்கும் அதேதான் நடக்கும். எத்தனை வியாபாரிகள் வருகிறார்கள் என்பதைப் பார்த்துச் சரக்கைக் கொண்டுபோவதும், பொக்குக் காயைத் தூற்றிவிட்டுத் தனி லாட்டாகப் போடுவதும், விலை பிடிக்காவிட்டால் அன்றே ஒப்புக்கொள்ளாமல் இருப்பதும் விவசாயி கையில் உள்ள உரிமைகள். விலை மறுத்த சரக்கைக் கமிட்டிக் கிடங்கிலேயே வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். மதிப்பில் 75 சதவீதம் வரை தருகிறார்கள், 180 நாள் வரை வைக்கலாம். அறுப்பு முடிந்த வாரத்தில் விற்றே ஆக வேண்டும் என்கிற கட்டாயத்தை இது ஒன்றுதான் உடைக்கிறது. நெல்லைவிட மல்லாட்டைக்கும் உளுந்துக்கும் இது அதிகம் பயன்படும்.

கரும்பில் நிலைமை வேறு. அதன் விலைக்குச் சட்டம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆலை 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) குவிண்டாலுக்கு 355 ரூபாய், 9.5க்குக் கீழே போனாலும் 329.05க்குக் குறையக் கூடாது. அம்முண்டியிலோ கேத்தாண்டப்பட்டியிலோ கூட்டுறவு ஆலைக்குப் பதிந்தவர் ஆலை வெட்டச் சொல்லும் கட்டிங் ஆர்டர் தேதியைத்தான் விலையாகப் பார்க்க வேண்டும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் நாளுக்கு நாள் எடை குறையும், அந்தக் குறைவை எந்த ஆணையும் ஈடுகட்டாது. சட்டம் இருப்பதால் மட்டும் பணம் நேரத்துக்கு வந்துவிடாது என்பதைக் கரும்பு விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் நிலுவையைக் கேட்க ஒரு பிடி இருக்கிறது, மல்லாட்டைக்காரருக்கு அதுவும் இல்லை.

இதெல்லாம் சேர்ந்து நிலத்தில் என்ன செய்திருக்கிறது? நெல்லுக்கு மட்டும் வாங்குகிற கை இருக்கிறது. பம்பு செட்டுக்கு 1990இலிருந்து கட்டணமில்லா மின்சாரம். இரண்டும் சேர்ந்தால், போர்வெல்லில் தண்ணீர் இருக்கும் வரை நெல்தான் பாதுகாப்பான பயிர் என்று எந்த விவசாயியும் முடிவெடுப்பார். பாலாற்றுப் படுகையில் பல குறுவட்டங்கள் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்துவிட்ட பட்டியலில் இருக்கின்றன. கேழ்வரகுக்கு நெல்லுக்கு ஆகும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும், 2025-26இல் ஆதரவு விலை 4,886. நெல்லைப்போல இரண்டு பங்கு விலை! ஆனாலும் நவரைப் பருவத்தில் கேழ்வரகுக்கு மாறத் தயங்குகிறார்கள் என்றால், விளைச்சல் குறைவு என்பதோடு, ஊரில் அதை அந்த விலைக்கு வாங்க ஒரு தராசு இல்லை என்பதும் காரணம். தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்துக்காக மேற்கு மாவட்டங்களில் அரசே வாங்கத் தொடங்கியது. களி இன்னும் அன்றாட உணவாக இருக்கிற வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களுக்கும் இதை விரித்தால், பேசிப் பேசிக் களைத்துப்போன பயிர் மாற்றம் தானாக நடக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அது வரும்வரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டம் நடக்கிறது. அறுப்பு தொடங்கியபிறகு போய் நிலையம் கேட்டால் பலன் இல்லை. நட்ட ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். அதில் கிராமத்தின் பெயர், எத்தனை ஏக்கர் நடவு, எந்த ரகம், எந்த வாரத்தில் நட்டது, அதன்படி எந்த வாரத்தில் அறுப்பு, எத்தனை சிப்பம் வரும் என்பதை எழுதி, நிலையம் வைக்கத் தண்ணீர் தேங்காத மேட்டு இடத்தின் சர்வே எண்ணையும் லாரி வந்து திரும்பும் பாதையையும் குறிப்பிட்டு, ஊரில் நட்டவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மனு எண்ணை வாங்கி வைத்து, அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லிப் பதில் கேளுங்கள். சொர்ணவாரிக்கு என்றால் ஜூன் மாதக் கூட்டத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.